நான்கு மாதக் கணக்கு

1761 ஜனவரி நடுவில் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. சரியாக நான்கு மாதம் கழித்து, மே 16 அன்று, நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் என்ற புலித்தேவரின் மூன்று கோட்டைகளும் கும்பினியின், அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியின், தளபதி யூசுப்கான் கைக்குப் போயின. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் போரிட்டு மடிந்தார். அதற்கும் நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 5 அன்று, மேஜர் பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வாசலில் நின்றது.

நடுவில் இன்னொன்றும் உண்டு. 1783 ஜூலையில் கடலூர் முன்பு ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த சண்டை, ஐரோப்பாவில் சமாதானம் ஆன செய்தி வந்ததால் நின்றது. ஆகஸ்டில் கர்னல் புல்லார்ட்டன் தெற்கே இறங்கிப் பாஞ்சாலங்குறிச்சியையும் அடுத்துச் சிவகிரியையும் அடித்தார். அந்த முறை நான்கு மாதம்கூடத் தேவைப்படவில்லை.

ஒருமுறை என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். மூன்று முறை ஒரே மாதிரி நடந்திருப்பதால் திருநெல்வேலிச் சீமையின் பாளையக்காரர் போர்களை வேறு கோணத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. பீரங்கியும் பணமும் பயிற்சி பெற்ற சிப்பாய்களும் குறைவாக உள்ள ஒரு தேசத்தார், ஒரு பேரரசை எதிர்த்து எப்போது ஜெயிக்கிறார்கள், எப்போது தோற்கிறார்கள்? நம்மூரில் இந்தக் கேள்விக்கு இரண்டே பதில்தான் புழக்கத்தில் இருக்கின்றன: வீரம், துரோகம். ஜெயித்தால் முன்னது, தோற்றால் பின்னது. 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் அதை இன்னும் அழுத்தமாகப் பதித்துவிட்டது. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் மூன்றாவது பதில் ஒன்று தெரிகிறது. பேரரசுக்கு வேறிடத்தில் கை சிக்கியிருக்கும்போது எளியவர் நிற்கிறார். அந்தக் கை விடுபட்டதும் விழுகிறார்.

மதுரையிலிருந்து தென்காசிப் பக்கம் ஐந்தருவியில் குளிக்க வருகிறவர்கள் அந்தப் போர்க்களத்தின் குறுக்கேதான் பயணம் செய்கிறார்கள். ராஜபாளையம் தாண்டியதும் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, சொக்கம்பட்டி, கடையநல்லூர், பிறகு தென்காசி. இவற்றில் சேத்தூரும் சிவகிரியும் சொக்கம்பட்டியும் தனித்தனிப் பாளையங்கள். வாசுதேவநல்லூர் புலித்தேவரின் கோட்டை. வலப்பக்கம் கூடவே வரும் மலை, ஐந்தருவிக்கு மேலே நிற்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலை. தோற்ற படை ஒதுங்க அடர்ந்த காடும், அந்தப்பக்கம் கணவாய் வழியாகத் திருவிதாங்கூரும் இருந்தன. பாளையக்காரனுக்கு மலை முதுகுபோல. கிழக்கே கரிசல் வெட்டவெளியில் இருந்த பாஞ்சாலங்குறிச்சிக்கு அந்த வசதி இல்லை.

கோட்டைகள் மண்ணால் ஆனவை. கல்கோட்டையைப் பார்த்துப் பழகிய ஐரோப்பிய அதிகாரிகள் முதலில் அவற்றை அலட்சியமாகவே பார்த்தார்கள். 1755இல் கர்னல் ஹெரானும் ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் கப்பம் வாங்கத் தெற்கே வந்தபோது நெற்கட்டும்செவல் முன்பு பாளையமிறங்கி 20,000 ரூபாய் கேட்டார்கள். சுவரை உடைக்கும் கனத்த பீரங்கி ஹெரானிடம் இல்லை, தானியம் குறைந்துகொண்டிருந்தது, சிப்பாய்களுக்குச் சம்பள பாக்கி. உள்ளே இருந்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பணம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஹெரான் மதுரைக்குத் திரும்பினார். பிறகு அவர் ராணுவ விசாரணையைச் சந்திக்க நேர்ந்தது.

பீரங்கி வந்த பிறகும் மண்சுவர் எளிதில் மசியவில்லை. 1767இல் கர்னல் கேம்பெல் வாசுதேவநல்லூரை அடித்தபோது, குண்டு விழுந்து பிளந்த இடத்தை உள்ளே இருந்தவர்கள் பனைமரத்தாலும் வைக்கோலாலும் அடைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் வந்து அடைத்தார். கடைசியில் கனத்த மழையில் கோட்டையைக் காலி செய்து வெளியேறினார்கள். அந்த மன உறுதியைக் கண்டு கேம்பெல்லே வியந்து எழுதினார்.

ஆக, தைரியத்துக்குக் குறைவில்லை. 1755க்கும் 1761க்கும் நடுவே மாறியது வேறு. முதலாவது, துணை. புலித்தேவர் மேற்குப் பாளையங்களைத் திரட்டிக் கூட்டணி கட்டினார், திருவிதாங்கூரும் சேர்ந்தது. களக்காட்டுச் சண்டையில் திருவிதாங்கூர் வீரர்கள் 2,000 பேர் கூட நின்றார்கள், மாபூஸ்கானின் படை தோற்றது. யூசுப்கான் கெட்டிக்காரர். களக்காட்டுப் பகுதியைத் திருவிதாங்கூருக்கே கொடுக்க இசைந்து அந்தக் கண்ணியைக் கழற்றினார். இரண்டாவது, பாண்டிச்சேரி. 1756 முதல் நடந்த ஆங்கில-பிரெஞ்சுப் போரில் கும்பினியின் பீரங்கியும் கவனமும் வடக்கே இருந்தன. பாண்டிச்சேரி விழுந்ததும் அவை தெற்கே திரும்பின.

இந்தக் கணக்கு யூசுப்கானுக்கே எதிராகவும் வேலை செய்தது. கும்பினிக்காக ஊர் ஊராகப் பிடித்துக் கொடுத்தவர் 1763இல் அவர்களையே எதிர்த்து மதுரைக் கோட்டையில் நின்றார். முதல் முற்றுகையைத் தாங்கவும் செய்தார். ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் பாரீஸ் உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. பிரெஞ்சு அரசு அவருக்காகப் படை அனுப்பப் போவதில்லை. சொந்த ஆட்களே காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். அந்தக் குழப்பம் புலித்தேவருக்கு உதவியது. வெளியே இருந்தவர் திரும்பி வந்து 1764இல் நெற்கட்டும்செவலை மீட்டார். மூன்று ஆண்டு வைத்திருந்தார்.

ஜெயித்த கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. 1772 ஜூன் 25 அன்று காளையார்கோவிலில் சிவகங்கை அரசர் முத்துவடுகநாதத் தேவர் கொல்லப்பட்டார். அரசி வேலுநாச்சியார் திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். மைசூரின் ஹைதர் அலியிடம் 5,000 குதிரைப்படையும் 5,000 காலாட்படையும் கேட்டுக் கடிதம் போனது 1772 டிசம்பரில். சிவகங்கைக்கு வேலுநாச்சியார் திரும்பியது 1780இல். இந்த எட்டு ஆண்டுக் காத்திருப்பை மேடையில் பேசுகிறவர்கள் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார்கள். அவர் படையின் குயிலி தீக்குளித்து ஆயுதக் கிடங்கைக் கொளுத்திய கதைக்கு ஓடிவிடுகிறார்கள். அந்தக் கதை மக்கள் நினைவில் ஆழமாக இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் 1780 ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு ஆற்காட்டுச் சமவெளியில் இறங்கியதும், செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நசுங்கியதும் அந்த ஆண்டின் செய்திகள். சென்னப்பட்டணமே நடுங்கிக்கொண்டிருந்தபோது சிவகங்கையைக் காக்கக் கும்பினியிடம் ஆளில்லை. இந்தியாவில் கும்பினியிடம் இழந்த அரசைப் படை திரட்டி மீட்டவர்கள் வெகு சிலர். அவர்களில் ஒருவரான வேலுநாச்சியாரின் பெரிய ஆயுதம், நேரம் பார்க்கத் தெரிந்தது.

கடல் கடந்தும் இதே கதைதான். 1776இல் சுதந்திரம் அறிவித்த அமெரிக்கர்கள் முதல் ஆண்டுகளில் வாஷிங்டன் தலைமையில் தோற்றுப் பின்வாங்கியதே அதிகம். 1777இல் சாரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அதைப் பார்த்து 1778இல் பிரான்ஸ் கூட்டணிக்கு வந்தது. பின்னர் ஸ்பெயினும் டச்சுக்காரர்களும் பிரிட்டனோடு மோத, அமெரிக்கச் சண்டை உலகச் சண்டை ஆனது. ஹைதரும் பிரெஞ்சுக்காரரும் கும்பினியோடு மோதியதும் இதே காலத்தில்தான். 1781 அக்டோபரில் யார்க்டவுனில் கடல்வழியைப் பிரெஞ்சுக் கப்பற்படை அடைத்துவிட, கார்ன்வாலிஸ் சரணடைந்தார். அதே கார்ன்வாலிஸ் 1786இல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்து இறங்கி, 1792இல் திப்புவின் நாட்டில் பாதியைப் பிடுங்கினார். அமெரிக்காவில் தோற்ற தளபதி இங்கே ஜெயித்ததற்கு அவர் திறமை திடீரென்று கூடியது காரணமல்ல. மராத்தியரும் நிஜாமும் அவர் பக்கம் நின்றார்கள். 1789 புரட்சிக்குப் பிறகு பிரான்ஸால் திப்புவுக்கு உதவ முடியவில்லை.

ஹெய்டியில் அடிமைகளாக இருந்தவர்கள் நெப்போலியனின் படையைத் தோற்கடித்து 1804 ஜனவரியில் சுதந்திர நாடானார்கள். மஞ்சள் காய்ச்சல் பிரெஞ்சுச் சிப்பாய்களை ஆயிரக்கணக்கில் கொன்றது, தளபதி லெக்ளேர் உட்பட. 1803இல் பிரிட்டனோடு மீண்டும் போர் மூள, கடல்வழியும் அடைபட்டது.

இனிப் பாஞ்சாலங்குறிச்சி. 1799 செப்டம்பர் 5 தாக்குதலில் பானர்மேன் நான்கு அதிகாரிகளை இழந்து பின்வாங்கினார். கூடுதல் படை வருவதறிந்து கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். துரத்தியது எட்டயபுரம், பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான், தூக்கிலிட்டது கும்பினி: அக்டோபர் 16, கயத்தாறு. கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது.

1801 பிப்ரவரி 2 அன்று மாலை, பாளையங்கோட்டை அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் இருந்தபோது, சிறையிலிருந்த கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் தப்பினார்கள். மாறுவேடத்தில் வந்து காத்திருந்தவர்கள் அவர்களைக் கூட்டிச் சென்றார்கள். ஒரு வாரத்தில் துரத்திப் போன கும்பினிப் படை பார்த்தது, இடித்துப் போட்ட கோட்டை மறுபடி எழுந்து நிற்பதை. அப்போது உடனிருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இதை ஆச்சரியத்தோடு பதிவு செய்கிறார். மார்ச் 31 அன்று பெரிய தாக்குதல். சுவரில் விழுந்த பிளவில் ஏறியவர்களை உள்ளே நின்றவர்கள் நீண்ட ஈட்டிகளால் குத்தித் தள்ளினார்கள். கும்பினி மீண்டும் தோற்றது. பிறகு கர்னல் அக்னியூ புதுப்படையும் பெரிய பீரங்கிகளும் கொண்டுவந்து மே 24 அன்றுதான் கோட்டையைப் பிடித்தார். ஆறு நாளில் கட்டிய மண்கோட்டை மூன்றரை மாதம் நின்றது.

அன்றைய இரவைப் பற்றி வெல்ஷ் சொல்லும் ஒரு நிகழ்ச்சி எல்லாப் புள்ளிவிவரங்களையும் விட அதிகம் சொல்கிறது. கோட்டைக்கு வெளியே பிணங்களுக்கு நடுவே ஒரு தாய் தன் மகனைத் தேடுகிறாள். குற்றுயிராகக் கிடந்த மகன், தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் காயம்பட்டுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றச் சொல்கிறான். பெண்கள் அவரைத் தூக்கிப்போய் ஊரில் வைக்கிறார்கள். தேடி வந்தவர்களிடம், வெள்ளைத் துணி போர்த்திய உடலைக் காட்டி, அம்மை கண்டு செத்துப்போனவன் என்கிறார்கள். வந்தவர்கள் பயந்து விலகிப் போகிறார்கள். தேடி வந்தவர்கள் கும்பினிச் சிப்பாய்கள் அல்ல, எட்டயபுரத்து ஆட்கள்.

எட்டயபுரத்தைத் துரோகி என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆனால் அது எதையும் விளக்கவில்லை. எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு பழையது. கும்பினி வருவதற்கு முன்பே இருந்தது. அதைவிடச் சங்கடமான உண்மை ஒன்றும் உண்டு: புலித்தேவர் கூட்டணிக்கு அழைத்தபோது எட்டயபுரம் மட்டுமல்ல, பாஞ்சாலங்குறிச்சியும் வரவில்லை, சிவகிரியும் வரவில்லை. ஒவ்வொரு பாளையமும் தன் எல்லையையும் தன் கப்பத்தையும் பார்த்தது. அடுத்த தலைமுறையில் முறை மாறி வந்தது. பேரரசுக்கு எதிரியின் எதிரி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தான்.

இந்த விரிசலைச் சிவகங்கையின் மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருது புரிந்துகொண்டிருந்தார் என்பதற்குச் சான்று 1801 ஜூனில் வெளியான திருச்சி அறிக்கை. சாதி மத வேறுபாடில்லாமல் ஜம்புத்தீவின் மக்கள் அனைவரையும் அழைத்தது அது. வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட நூலில் 1800-1801 கிளர்ச்சியை முதல் சுதந்திரப் போர் என்றே பெயரிட்டார். ஆனால் அறிக்கை ஒட்டப்பட்டபோது திப்பு செத்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. பிரெஞ்சு உதவிக்கும் வழியில்லை. ஜூலை 31 அன்று நவாபிடமிருந்து அவருடைய கர்நாடகப் பகுதி முழுவதையும் கும்பினி எழுதி வாங்கிக்கொண்டது.

அப்படியும் மருது சகோதரர்களைத் தேடி வந்த கும்பினிப் படையைக் காளையார்கோவில் காடு திணற வைத்தது. சிறுவயல் பக்கமிருந்து காட்டை வெட்டிப் பாதை போட ஒரு மாதம் பாடுபட்டு, தொல்லை தாங்காமல் கைவிட்டார்கள். கோடரியால் முடியாததை ஒரு பட்டாபிஷேகம் செய்தது. பழைய அரச வழியைச் சேர்ந்தவர் என்று சொல்லிப் படமாத்தூர் கௌரிவல்லபரைச் சோழபுரத்தில் சிவகங்கை அரசராக்கினார்கள். மருது சகோதரர்களோடு நின்றவர்களில் ஒரு பகுதி விலகியது. அக்டோபர் 1 அன்று காளையார்கோவில் விழுந்தது. 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16 அன்று ஊமைத்துரையும் அவரோடு தப்பிய செவத்தையாவும் பாஞ்சாலங்குறிச்சியில் கொல்லப்பட்டார்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை முழுமையாகாது. அமெரிக்கப் போரின் செலவை லண்டனில் வரி கட்டியவர்கள் ஏற்றார்கள். ஒரு கட்டத்தில் பாராளுமன்றம் போதும் என்றது. திருநெல்வேலிப் போரின் செலவு நவாபின் கணக்கில் கடனாக ஏறியது. கடனுக்கு ஈடாக வரி வசூல் உரிமை கும்பினிக்குப் போனது. 1792 உடன்படிக்கையில் பாளையங்களின் கப்பத்தை நேரடியாக வாங்கும் அதிகாரமும் வந்தது. அதாவது தன்னை அடிக்க வந்த படைக்கான சம்பளத்தைப் பாளையத்து விவசாயியே கட்டினார். போர் நீண்டால் எதிரி களைப்பான் என்பது எளியவரின் வழக்கமான நம்பிக்கை. இங்கே எதிரி களைப்பதற்குக் காரணமே இருக்கவில்லை. 1755இல் மட்டும் ஹெரானின் படையெடுப்புச் செலவு வசூலைத் தாண்டியது. அந்த முறை அவர்கள் திரும்பிப் போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கண்டி இதற்கு நல்ல ஒப்பீடு. மலையும் காடும் மழையும் காய்ச்சலும் காத்த அந்தச் சிறிய அரசு போர்த்துக்கீசியரை 1594லும் 1630லும் 1638லும் அழித்தது, டச்சுக்காரர்களைத் தாக்குப்பிடித்தது, 1803இல் மேஜர் டேவியின் பிரிட்டிஷ் படையை மகாவலிக் கரையில் ஒழித்துக்கட்டியது. போர்த்துக்கீசியருக்கு எதிராக டச்சுக்காரர் துணை கிடைத்த நேரம் உண்டு. 1815இல் அதே கண்டி கிட்டத்தட்ட சண்டையே இல்லாமல் விழுந்தது. அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன், மதுரை நாயக்கர் வழி வந்தவர், தன் பிரதானிகளோடு பகைத்துக்கொண்டார். எகலப்பொல முதலானோர் ஆங்கிலேயர் பக்கம் போனார்கள். நெப்போலியன் போரும் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. வேலூருக்குக் கொண்டுவரப்பட்ட ராஜசிங்கன் 1832இல் அங்கேயே இறந்தார்.

இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு வழி திறந்தது. 1954இல் தியன் பியன் பூவில் வியட்நாமியர் பீரங்கிகளை மலைமேல் இழுத்து ஏற்றி ஒரு பிரெஞ்சுப் படையையே சரணடைய வைத்தார்கள். 1949க்குப் பிறகு எல்லைக்கு அந்தப்பக்கம் சீனத் துணை இருந்தது அதற்கு அடிப்படை. அல்ஜீரியாவிலோ 1957இல் தலைநகரச் சண்டையில் பிரெஞ்சு ராணுவம் தெளிவாக ஜெயித்தது. 1962இல் நாடு சுதந்திரமடைந்தது. அங்கே தோற்றது ராணுவமல்ல, போரைத் தொடரும் விருப்பம். வாக்களிக்கும் குடிமக்கள் உள்ள பேரரசைச் சலிப்படைய வைக்கலாம். பங்குதாரர்கள் மட்டுமே உள்ள கும்பினியை, லாபம் வரும்வரை, அப்படிச் செய்ய முடியாது.

திருநெல்வேலிக்காரர்கள் அந்த லாபத்தின் மேலேயே கை வைத்துப் பார்த்தார்கள். 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் தூத்துக்குடி-கொழும்பு வழியில் பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியோடு போட்டியிட்டது. வெள்ளைக்கார நிர்வாகம் 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்ய, திருநெல்வேலி கொந்தளித்தது. கோட்டையைக் காத்த கைகளை விட இந்தக் கப்பல் டிக்கெட்டுகள் வெள்ளையரை அதிகம் கலங்க வைத்ததோ என்று தோன்றுகிறது. 1911 ஜூன் 17 அன்று செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஐந்தருவிக்கு அருகிலுள்ள செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பேரரசு அப்போது எந்தப் பெரும்போரிலும் சிக்கியிருக்கவில்லை. தொடர்புள்ளவர்களைத் தேடிப்பிடித்து வழக்கு நடத்த அதற்கு அவகாசம் தாராளமாக இருந்தது.

அடுத்த வாய்ப்பு வந்தது 1942இல், சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தபோது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருமளவில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். 1802இல் கும்பினி பாளையக்காரர் கட்சியைச் சேர்ந்த 73 பேரை நாடு கடத்திய பினாங்குத் தீவும் அந்த மலாயாவில்தான் இருந்தது. போர்க்களத்தில் அந்த ராணுவம் வெல்லவில்லை. இம்பால் பக்கம் 1944இல் பசியாலும் நோயாலும் சிதறியது. ஆனால் 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் அதன் அதிகாரிகள் மேல் வழக்கு தொடங்கியதும் நாடே அவர்கள் பக்கம் திரும்பியது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தார்கள். இந்தியச் சிப்பாயை நம்பி இந்தியாவை ஆள முடியுமா என்ற சந்தேகம் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு வலுத்தது. 1801இல் அக்னியூவின் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அன்று அந்தச் சந்தேகத்துக்கு இடமிருக்கவில்லை. அதோடு, உலகப்போரில் ஓட்டாண்டியான பிரிட்டன் அதே 1946இல் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கியது. காங்கிரசின் முப்பதாண்டு வெகுஜன இயக்கம், மாலுமிகளின் கலகம், காலியான கஜானா, சுதந்திரம் கிடைத்ததில் இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன என்பதில் மட்டும் அவர்களுக்குள் வாதம் இல்லை.